வழிக்கேற்ற வண்டி

சாயர்புரம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு நாள் காலை அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஏரல் பக்கமிருந்து வாழைத்தார் ஏற்றிய சரக்கு வண்டி வரும். தூத்துக்குடிக்குச் செல்லும் பேருந்து, மாணவர்களையும் வேலைக்குச் செல்வோரையும் சுமந்துகொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி புறப்படும். இருசக்கர வண்டிகள் போகும், ஆட்டோக்கள் போகும், எப்போதாவது டயர் பூட்டிய மாட்டு வண்டி ஒன்றும் போகும். அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்று தூத்துக்குடிக் கடற்கரையில் நின்றால், பழைய துறைமுகத்தில் மரத் தோணிகளையும், புதிய துறைமுகத்தில் இரும்புப் பெட்டகங்களை அடுக்கிய பெருங்கப்பல்களையும் காணலாம்.

"இத்தனை வகை ஊர்திகள் எதற்கு, சார்? எல்லாம் செய்வது ஒரே வேலைதானே?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ஓரிடத்திலுள்ள பொருளை இன்னோரிடத்தில் சேர்ப்பதுதான் எல்லா ஊர்திகளின் வேலையும். அப்படியிருக்க, மிகச் சிறந்த வடிவம் ஒன்றைக் கண்டுபிடித்து, எல்லா ஊர்திகளையும் அவ்வாறே செய்துவிட்டால் என்ன?

அது முடியாது. காரணம், ஊர்தியின் வடிவத்தைப் பொறியாளர் மட்டும் முடிவு செய்வதில்லை. அது செல்லும் வழியும் சேர்ந்தே முடிவு செய்கிறது. இதனை விளங்கிக்கொள்ள வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. சாயர்புரத்துக்கும் கடலுக்கும் இடையிலேயே வேண்டிய அளவு கிடைக்கின்றன.

எந்த ஊர்தியாயினும் மூன்று கேள்விகளுக்கு அது விடை சொல்லியாக வேண்டும். சுமையை எது தாங்குகிறது? ஓட்டத்தை எது தடுக்கிறது? சாய்ந்தால் எது நிமிர்த்துகிறது? இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

தேரி மணலும் பெரிய சக்கரமும்

சாயர்புரத்தைச் சுற்றியும், தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்திலும் செம்மணல் தேரிகள் இருப்பதை இப்பகுதி வாசகர்கள் அறிவர். தேரியில் மிதிவண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் குணமும் தெரியும். சக்கரம் புதையும், கால் சோரும், கடைசியில் மனிதன் மிதிவண்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பான்!

அக்காலத்து மாட்டு வண்டிகளின் சக்கரங்கள் ஓர் ஆளின் மார்பளவு உயரம் இருந்தன. அழகுக்காகவா அவ்வாறு செய்தார்கள்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வண்டியும் சுமையும் சேர்ந்து 1,000 கிலோ எடை என்று கொள்வோம். சக்கரம் ஒன்றுக்கு 500 கிலோ. மணல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ எடையைத் தாங்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு சக்கரமும் 500 சதுர சென்டிமீட்டர் பரப்பில் மணலைத் தொட வேண்டும். அந்தப் பரப்புக் கிடைக்கும் வரை சக்கரம் புதைந்துகொண்டே போகும்.

சக்கரத்தின் இரும்புப் பட்டை 5 சென்டிமீட்டர் அகலம் என்றால், 100 சென்டிமீட்டர் நீளத்துக்கு அது மணலைத் தொட்டாக வேண்டும். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள சக்கரம் இதற்காக ஏறத்தாழ 19 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண் ஆழம் புதையும். அதே பட்டையோடு 75 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறிய சக்கரத்தைப் போட்டால் என்ன ஆகும்? அதன் விட்டமே ஒரு மீட்டருக்குக் குறைவு. ஆகவே அது அச்சு வரை புதைந்தும் தேவையான பரப்பைப் பெறாது. வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும்.

இப்போது அதே சிறிய சக்கரத்தில் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள ரப்பர் டயரைப் பூட்டுங்கள். 33 சென்டிமீட்டர் நீளம் மணலைத் தொட்டாலே போதும். சக்கரம் 4 சென்டிமீட்டர் மட்டுமே புதையும்! பெரிய சக்கரம் உயரத்தால் பெற்ற பரப்பை, டயர் அகலத்தால் பெற்றுவிடுகிறது. டயர் வண்டி வந்தபின் மாட்டு வண்டி ஏன் குட்டையாயிற்று என்பதற்கு இதுவே விளக்கம்.

விசை ஒன்றேயானாலும் பரப்பு மிகுந்தால் அழுத்தம் குறையும். பாடநூலில் ஒரு வரியில் படித்துவிட்டுப் போகும் இவ்விதியை, மணலில் வண்டி சிக்கும்போது பனையோலையையும் மட்டையையும் சக்கரத்துக்கு அடியில் போடும் வண்டிக்காரர் தம் அனுபவத்தாலேயே அறிந்திருக்கிறார்.

ஒரு ஜோடி காளை எவ்வளவு இழுக்கும்?

இனி இரண்டாவது கேள்வி. ஒரு டன் எடையைச் சமதளத்தில் மெல்ல ஓடச் செய்ய எவ்வளவு விசை வேண்டும்? இறுகாத மணலில் சக்கரம் புதைவதால் 200 முதல் 300 கிலோ எடைக்குச் சமமான விசை தேவைப்படும். நல்ல தார்ச்சாலையில் ரப்பர் டயருக்கு 10 முதல் 15 கிலோ போதும். இரும்புத் தண்டவாளத்தில் ஓடும் இரும்புச் சக்கரத்துக்கோ 1 அல்லது 2 கிலோவே போதும்.

ஒரு காளை, நெடுநேரம் தொடர்ந்து இழுக்கும்போது, தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையைத் தரும் என்று கொள்ளலாம். ஜோடியின் எடை 700 கிலோ என்றால், இழுவை 70 கிலோ. இந்த 70 கிலோவை வைத்துக்கொண்டு மணலில் வண்டியையும் சேர்த்து 350 கிலோவை மட்டுமே நகர்த்தலாம். தார்ச்சாலையில் நாலரை டன்னை நகர்த்தலாம். தண்டவாளத்திலோ 35 டன்! காளைகளும் அவையே, அவை தின்ற வைக்கோலும் அதுவே. மாறியது வழி ஒன்றுதான்.

1876ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு இரயில் பாதை வந்தபோது கரிசல் நிலத்துப் பருத்தி ஏன் மாட்டு வண்டியிலிருந்து இரயிலுக்கு மாறியது என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும். ஆனால் இரயிலுக்கு ஒரு குறை உண்டு. தண்டவாளம் போட்ட இடத்துக்குத்தான் அது போகும். வாழைத் தோட்டத்து வரப்புக்கு அது வராது. ஆகவே வண்டியும் லாரியும் இன்றும் தேவைப்படுகின்றன.

தண்ணீர் எப்படி? தண்ணீரில் மெதுவாகச் செல்லும்போது தடை மிகக் குறைவு. அலையற்ற துறையில் மிதந்து நிற்கும் பெரிய தோணியை, கயிறு கட்டிச் சில ஆட்கள் மெல்ல இழுத்து நகர்த்திவிட முடியும். ஆனால் வேகம் கூடினால் கதை மாறும். வேகம் இரட்டித்தால் நீரின் உராய்வுத் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். இன்னும் விரைந்தால் கலம் தானே அலைகளை எழுப்பி, அந்த அலைகளோடு போராடத் தொடங்கும். வில்லியம் புரூடு என்ற ஆங்கிலப் பொறியாளர் 1870களில் நீண்ட தொட்டியில் சிறிய மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து இத்தடையை அளந்தார். அத்தகைய இழுவைத் தொட்டி சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையில் உள்ளது. ஆகவே நீர்வழிக்குரிய பொருள் எது? அவசரம் இல்லாத, எடை மிகுந்த பொருள். உப்பும் நிலக்கரியும் கப்பலில் போவதும், மல்லிகைப்பூ விமானத்தில் போவதும் இதனால்தான்.

ஆழமற்ற கடலுக்கு ஒரு கலம்

மன்னார் வளைகுடாவின் கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. பவளப் பாறைகளும் சிறு தீவுகளும் நிறைந்தது. முத்துச் சிப்பிகள் வளர்ந்த பார்களும் இக்கடலில்தான் உள்ளன. முத்துக் குளிப்பவர் ஒரு கனமான கல்லைக் கயிற்றில் கட்டி, அதில் கால் வைத்துக் கீழே இறங்குவார். மூச்சை நிரப்பிய மனித உடல் கடல் நீரில் எளிதில் மூழ்காது. எனவே கல்லின் எடை துணைக்கு வேண்டியிருந்தது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டில். முத்துக் குளிப்பவரின் கவலை எப்படி மூழ்குவது என்பது. தோணிக்காரரின் கவலையோ எவ்வளவு குறைவாக மூழ்குவது என்பது!

ஆழமற்ற கடலாதலால் பெரிய கப்பல்கள் அந்நாளில் கரைக்கு வர இயலவில்லை. கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நின்றன. 1906இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் காலத்திலும் இதுவே நிலை. பயணிகள் சிறு நீராவிப் படகில் சென்று கப்பலேறினர். சரக்கைக் கரைக்கும் கப்பலுக்கும் இடையே சுமந்தவை தோணிகள்.

தோணி எவ்வளவு அமிழும்? 25 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். முனைகள் குறுகுவதால் நீர்மட்டத்தில் அதன் பரப்பு ஏறத்தாழ 140 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 1.4 கன மீட்டர் கடல் நீர் விலகும். அதன் எடை ஏறத்தாழ 1.4 டன். அதாவது, ஒவ்வொரு 1.4 டன் சரக்குக்கும் தோணி ஒரு சென்டிமீட்டர் இறங்கும். 100 டன் ஏற்றினால் 70 சென்டிமீட்டர். ஒரு சிறுவனின் இடுப்பளவுகூட இல்லை! ஆர்க்கிமிடீஸ் விதியின் அருமை இது. அகன்ற அடிப்பாகம் உடைய கலம், பெரும் சுமையோடும் பாறைக்கு மேலே கடந்துவிடும்.

ஆனால் இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை. கலத்தின் அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பு போன்ற மரத்தை ஏரா என்பர். அது ஆழமாக இருந்தால், பக்கவாட்டில் காற்றுத் தள்ளும்போது நீரைப் பிடித்துக்கொண்டு கலத்தை நேரே செலுத்த உதவும். ஆழமற்ற தோணிக்கு அந்தப் பிடி குறைவு. எதிர்க்காற்றில் அது பக்கவாட்டில் நழுவும். ஆகவே பாய்த்தோணிகள் காற்றுக்குக் காத்திருந்தன. கச்சான் வலுத்து வீசும் மாதங்களில் ஓய்ந்திருந்து, காற்று இதமான பின் புறப்பட்டன. ஆழம் குறைந்த கடலில் செல்லும் வசதியைப் பெற்ற கலம், காற்றை எதிர்த்துச் செல்லும் வசதியை இழந்தது. வடிவமைப்பு என்பது இத்தகைய பேரம்தான்.

ஓடாவிகள் எனப்படும் தச்சர்கள் இப்பேரத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பழகி அறிந்தவர்கள். ஒரு தோணி நழுவினால் அடுத்த தோணியில் சிறு மாற்றம் செய்வார்கள். தொட்டியில் மாதிரிக் கப்பலை இழுத்துப் புரூடு கற்றதை, இவர்கள் கடலில் முழுத் தோணியையே விட்டுக் கற்றார்கள் எனலாம். பிற்காலத்தில் தோணிகளில் டீசல் எஞ்சின் ஏறியது. பாய்க்காகக் காத்திருந்த காலம் போயிற்று. வடிவம் பெரும்பாலும் பழையதே.

சாய்ந்தால் நிமிர்த்துவது எது?

மாணவர்களைப் பழைய துறைமுகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தபோது, சரக்கு அடுக்குவதை மேற்பார்த்துக்கொண்டிருந்த ஒரு தண்டலிடம் இதைப்பற்றிக் கேட்டோம். தோணியின் தலைவரைத் தண்டல் என்று அழைப்பது இங்கு வழக்கம். அவர் சிரித்துக்கொண்டே, "கனத்தது கீழ, லேசானது மேல, சார். மாத்தி அடுக்கினா தோணி நம்ம பேச்சைக் கேக்காது" என்றார். இதற்கு மேல் இயற்பியல் பேராசிரியர் சொல்ல என்ன இருக்கிறது? ஏன் என்ற விளக்கம் மட்டுமே.

மிதக்கும் கலத்தின் மீது இரண்டு விசைகள் செயற்படுகின்றன. ஒன்று எடை, அது ஈர்ப்பு மையத்தின் வழியாகக் கீழ்நோக்கிச் செயற்படும். மற்றொன்று மிதப்பு விசை. அது, கலம் விலக்கிய நீரின் மையத்தின் வழியாக மேல்நோக்கிச் செயற்படும். கலம் நேராக நிற்கையில் இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும்.

அலையொன்று தோணியை வலப்புறம் சாய்க்கிறது என்க. வலப்பக்கம் நீரில் கூடுதலாக அமிழும், இடப்பக்கம் மேலெழும். விலகிய நீரின் மையம் வலப்புறம் நகரும். இப்போது மிதப்பு விசை வலப்பக்கத்திலிருந்து மேலே தள்ளுகிறது. எடை நடுவிலிருந்து கீழே இழுக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து தோணியை இடப்புறம் திருப்பி நிமிர்த்துகின்றன. மிதப்பு விசையின் கோடு கலத்தின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். ஈர்ப்பு மையம் இப்புள்ளிக்குக் கீழே உள்ளவரை கலம் நிமிரும். மேலே போய்விட்டால், நிமிர்த்த வேண்டிய அதே விசைகள் கலத்தைக் கவிழ்த்துவிடும்.

பெட்டி வடிவக் கலம் ஒன்றுக்கு இப்புள்ளி எங்கே இருக்கும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். கலத்தின் அகலத்தை அதனாலேயே பெருக்கி, அமிழ்ந்த ஆழத்தின் 12 மடங்கால் வகுக்க வேண்டும். விலகிய நீரின் மையத்துக்கு மேலே அவ்வளவு உயரத்தில் மெட்டாசென்டர் இருக்கும். 7 மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் அமிழ்வும் உள்ள கலத்துக்கு இது ஏறத்தாழ 2.7 மீட்டர். விலகிய நீரின் மையம் அடியிலிருந்து 0.75 மீட்டரில் உள்ளது. ஆகவே, மெட்டாசென்டர் அடியிலிருந்து ஏறத்தாழ மூன்றரை மீட்டரில் இருக்கும். சரக்கை ஒழுங்காக அடுக்கி ஈர்ப்பு மையத்தை 2 மீட்டரில் வைத்திருந்தால் அச்சமில்லை. கனத்த மூட்டைகளை மேல்தளத்தில் குவித்து அதனை மூன்றரை மீட்டருக்கு மேல் ஏற்றிவிட்டால், ஒரு சிறு அலை போதும்.

அகலத்தைப் பாதியாக்கினால் என்ன ஆகும்? 2.7 மீட்டர் கால் பங்காகக் குறைந்து 0.7 மீட்டருக்கும் கீழே போய்விடும். முன்பு நிமிர்ந்த அதே சரக்கு இப்போது கவிழும். தோணி அகன்றிருப்பதற்கு ஆழமற்ற கடல் ஒரு காரணம். இது மற்றொரு காரணம்.

அப்படியானால் ஈர்ப்பு மையத்தை முடிந்த அளவு கீழே இறக்கிவிடலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு பேரம் உண்டு. மிகக் கீழே இறக்கினால் கலம் வெடுக்கென்று நிமிரும்; இப்புறமும் அப்புறமும் விரைந்து ஆடும். சரக்கின் கட்டுகள் தளரும். பாய்மரம் முறியவும் கூடும். மெல்லச் சாய்ந்து மெல்ல நிமிரும் கலமே மாலுமிக்கு உகந்தது.

சரக்கே இல்லாமல் திரும்பும் வெறுந்தோணிக்கு வேறு ஆபத்து. அது நீரின் மேல் உயரமாக எழும்பி நிற்கும். அதனால்தான் கல்லோ மணலோ அடிப்பாரமாக ஏற்றப்படுகிறது. அடித்தளத்தில் கசிந்து தேங்கும் நீரும் ஆபத்தானதே. தோணி சாயும்போது அந்நீர் தாழ்ந்த பக்கமே ஓடி, சாய்வை மேலும் மிகுவிக்கும். உதிரியாகக் கொட்டிய தானியமும் அவ்வாறே சரியும். மூட்டையாகக் கட்டி அடுக்கினால் சரியாது. நீரை இறைத்துக்கொண்டே இருப்பதும், மூட்டைகளை இறுகக் கட்டுவதும் உயிர் காக்கும் வேலைகள்.

அரசரின் கப்பலும் ஒரு வட்டக் குறியும்

இவ்விதியை மறந்தால் எத்தகைய கலமும் தப்பாது. சுவீடன் நாட்டு அரசர் வாசா என்னும் போர்க்கப்பலைக் கட்டுவித்தார். கனத்த பீரங்கிகள் இரண்டு அடுக்குகளில் உயரத்தில் நின்றன. அந்த உயரத்துக்கு அகலம் போதவில்லை. புறப்படுமுன் 30 பேரைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடச் சொல்லிச் சோதித்தார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் அச்சமூட்டும் வகையில் ஆடியதால் சோதனையை நிறுத்திவிட்டார்கள், பயணத்தை நிறுத்தவில்லை. 1628ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள், முதல் பயணத்தில், ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர் தொலைவிலேயே ஒரு காற்று வீச்சில் சாய்ந்து மூழ்கியது. 1961இல் அதனை வெளியே எடுத்தார்கள். இன்று ஸ்டாக்ஹோம் நகரில் அது காட்சிப் பொருளாக நிற்கிறது.

சோதனையின் முடிவு தெரிந்தும் பயணத்தைத் தடுக்க ஆளில்லாமற் போனதே அங்கு நேர்ந்த பிழை. சரக்குக் கப்பல்களிலும் அளவுக்கு மீறி ஏற்றும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இதனை எதிர்த்துப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போராடியவர் சாமுவேல் பிளிம்சால். தூத்துக்குடிக்கு இரயில் வந்த அதே 1876ஆம் ஆண்டில் அங்கே சட்டம் நிறைவேறியது. கப்பலின் பக்கவாட்டில், நடுவே ஒரு கோடு கடந்து செல்லும் வட்டம் ஒன்று வரையப்பட்டிருப்பதை நீங்கள் துறைமுகத்தில் பார்க்கலாம். சரக்கு ஏற்றும்போது நீர்மட்டம் உரிய கோட்டைத் தாண்டக் கூடாது. நன்னீருக்கு ஒரு கோடு, கடல் நீருக்கு ஒரு கோடு, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று எனப் பக்கத்தில் பல கோடுகள் இருக்கும். எழுத்தறியாத மாலுமியும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும் பாதுகாப்புக் கருவி அது.

வழியே மாறிவிட்டால்?

வழி வடிவத்தை முடிவு செய்கிறது என்றோம். வழியே மாறினால்? நம் பகுதியின் வரலாறே இதற்கு விடை தருகிறது.

சாயர்புரத்துக்கு அருகிலுள்ள கொற்கை, பாண்டியரின் புகழ்பெற்ற துறைமுகம். இன்று கொற்கையில் கடல் இல்லை. கடல் சில கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. தாமிரபரணி கொண்டு வந்த வண்டல் ஆண்டுதோறும் படிந்து கழிமுகத்தைத் தூர்த்துவிட்டது. பின்னர் சிறந்த காயல் துறைக்கு மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தார். அதுவும் தூர்ந்தது. வாணிபம் புன்னைக்காயலுக்கும் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. துறைமுகம் ஆற்றுக்கு அஞ்சி ஊர் ஊராய் இடம்பெயர்ந்தது போலும்!

இயற்கை மாற்றிய வழி அது. மனிதன் மாற்றிய வழியும் இங்கே உண்டு. கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கற்களைக் கொட்டி, ஒன்றுக்கொன்று இணையான இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இடையே அமைதியான நீர்ப்பரப்பு உருவாயிற்று; அடித்தளம் ஆழப்படுத்தப்பட்டது. 1974ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் தூத்துக்குடி, பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011இல் வ.உ.சிதம்பரனாரின் பெயரைப் பெற்றது. கடலுக்கு நடுவே நின்ற கப்பல், கரையை ஒட்டி வந்து நின்றது.

கரைக்கும் கப்பலுக்கும் இடையே தோணிகள் செய்த வேலை அதனால் குறைந்தது. அடுத்து வந்தது பெட்டகம். 1956இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பவர் 58 பெட்டகங்களை ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பியதிலிருந்து இம்முறை பரவியது. கிடங்கில் பூட்டிய பெட்டகம் லாரியிலும் இரயிலிலும் கப்பலிலும் அப்படியே ஏறும். நடுவில் யாரும் மூட்டையைத் தொடுவதில்லை. எத்தனையோ தோள்கள் மாறிச் சென்ற சரக்கை இப்போது ஒரு பளுதூக்கி எடுத்து வைத்துவிடுகிறது. செலவும் நேரமும் மிஞ்சின. அந்தத் தோள்களுக்கு உரியவர்களின் பிழைப்போ குறைந்தது. பொறியியலின் கணக்கில் இந்த வரியையும் நாம் எழுதத்தான் வேண்டும்.

இருப்பினும் தோணி மறைந்துவிடவில்லை. பெருங்கப்பலுக்குக் கட்டுபடியாகாத சிறு சரக்கை ஏற்றிக்கொண்டு மாலத்தீவு போன்ற இடங்களுக்கு அது இன்றும் செல்கிறது. காய்கறியும் கட்டுமானப் பொருளும் அதில் போகின்றன. தனக்கேற்ற வழி இருக்கும்வரை அதற்கேற்ற கலமும் இருக்கும்.

செய்து பாருங்கள்

ஒரு பேசின் நிறையத் தண்ணீர், ஒரு சோப்பு டப்பா, பத்து நாணயங்கள், இரண்டு தீப்பெட்டிகள், கொஞ்சம் பசைநாடா போதும். முதலில் நாணயங்களை டப்பாவின் அடியில் பரப்பி மிதக்க விட்டு, விரலால் ஓரத்தை அழுத்தி விடுங்கள். டப்பா ஆடி நிமிரும். அடுத்து, தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெட்டாக நிறுத்தி ஒட்டி, அதே நாணயங்களை உச்சியில் ஒட்டுங்கள். எடை பெரிதாக மாறவில்லை. ஆயினும் மீண்டும் அழுத்திப் பார்த்தால் நடப்பது வேறு. மூன்றாவதாக, நாணயங்களை மறுபடி அடியில் பரப்பி, டப்பாவுக்குள் இரண்டு கரண்டி நீர் ஊற்றி ஆட்டிப் பாருங்கள். தேங்கிய நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இறுதியாக, தொடக்கத்தில் நாம் பார்த்த பேருந்துக்கு வருவோம். என் சிறு வயதில், எங்கள் ஊர்க் குளக்கரைத் திருப்பத்தில் வைக்கோல் வண்டி ஒன்று சாய்ந்தது. மேலே உட்கார்ந்திருந்தவருக்குக் கால் முறிந்து, பிறகு அவர் வயல் வேலைக்கே போகவில்லை. வண்டி ஏன் சாய்ந்தது என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் என்று கொள்வோம். ஈர்ப்பு மையம் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் 37 டிகிரி சாயும் வரை வண்டி தாங்கும். வைக்கோலைக் குவித்து அதனை இரண்டு மீட்டராக்கினால் 20 டிகிரியிலேயே கவிழும். கரைச் சரிவும் திருப்பத்தின் வேகமும் சேர்ந்தால் 20 டிகிரிக்கு ஈடாவது கடினமன்று.

பேருந்தின் கூரையில் ஏறுபவர் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்குகிறார். ஒரே பக்கத்துப் படியில் தொங்கும் பத்துப் பேர் அதனை ஓரத்துக்கு இழுக்கிறார்கள். தண்டல் மூட்டைக்குச் சொன்னது நமக்கும் பொருந்தும். நாளைக் காலை உள்ளே இடமிருந்தால் உள்ளே போய் நில்லுங்கள். இடமில்லையென்றால் அடுத்த பேருந்துக்குக் காத்திருங்கள். காற்றுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் வாழ்ந்த கரையல்லவா இது!

சிந்தியுங்கள்:

1. புன்னைக்காயல் கழிமுகத்து ஆற்று நீரிலிருந்து கடலுக்குள் நுழையும் தோணி சற்று மேலெழுமா, தாழுமா? ஏன்?

2. பாதி நிரம்பிய தண்ணீர் லாரி, முழுதும் நிரம்பிய லாரியைவிடத் திருப்பத்தில் கூடுதலாகத் தள்ளாடுவது ஏன்?

3. உங்கள் ஊரில் ஓடும் ஊர்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நாம் தொடக்கத்தில் கேட்ட மூன்று கேள்விகளையும் அதனிடம் கேளுங்கள். அது எந்த வசதியை விட்டுக்கொடுத்து எந்த வசதியைப் பெற்றிருக்கிறது?